பேரனின் சுரங்கமும் நம் ஊர்ச் சுரங்கமும்

கோடை விடுமுறைக்குத் திருப்பூரிலிருந்து மகன் வயிற்றுப் பேரன் வந்திருக்கிறான். எட்டாம் வகுப்பு முடித்தவன். போன வாரம் பந்தலூர் பஜாரில் டீக்கடை பெஞ்சில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தபோது, என்னைவிட மூத்த நண்பர் ஒருவர் ஆரம்பித்தார்.

"என்ன வாத்தியாரே, உங்க பேரன் போன்ல தங்கம் தோண்டுறானாமே? படிச்ச வீட்டுப் பிள்ளை இப்படியா கெட்டுப் போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பேச்சு அங்கிருந்து தேவாலாவுக்குப் போனது. வெள்ளைக்காரன் மூடிவிட்டுப் போன சுரங்கத்தில் இன்னும் எவ்வளவோ தங்கம் கிடக்கிறது, யாரோ ஒருவன் ஒரே மழைக்காலத்தில் வீடு கட்டிவிட்டான், மண்ணுக்கடியில் இருப்பது தெரிந்தால் நாமெல்லாம் தேயிலைக் கொழுந்தைக் கட்டிக்கொண்டு அழமாட்டோம் என்று அதே நண்பர் அரை மணி நேரம் விளக்கினார். பக்கத்து பெஞ்சில் இரண்டு இளவட்டப் பையன்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. போனில் தோண்டும் பிள்ளை கெட்டுப்போகிறான் என்கிறோம். நிஜ மண்ணைத் தோண்டச் சொல்லிக் கிளப்பிவிடுகிற கதையை டீயோடு சேர்த்து ஊற்றிக் கொடுக்கிறோம். இதில் யார் யாரைக் கெடுப்பது? இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் அந்த விளையாட்டு என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று பேரன் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'ரூன்ஸ்கேப்' என்று பெயர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஒரு கம்பெனி 2001 ஜனவரியில் ஆரம்பித்தது. பழைய பாணியிலேயே ஒரு வடிவத்தைத் தனியாக வைத்திருக்கிறார்கள், 2018 முதல் அது போனிலும் வருகிறது. கோட்டை, மந்திரவாதி, பூதம், வாள்சண்டை எல்லாம் கலந்த ஒரு கற்பனை நாடு. உலகம் முழுவதும் உள்ள ஆட்கள் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடுகிறார்கள். சண்டை போடலாம், மீன் பிடிக்கலாம், மரம் வெட்டலாம், சமைக்கலாம். என் பேரன் தேர்ந்தெடுத்தது சுரங்க வேலை.

"எடுத்தவுடனே தங்கம் தோண்டலாமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் முடியாது தாத்தா. முதல்ல செம்பும் தகரமும்தான்."

புதிதாகச் சேருகிறவனுக்கு ஒரு பயிற்சித் தீவு. அங்கே ஒரு ஆசிரியர் வெண்கலப் பிக்காஸ் ஒன்றைக் கையில் கொடுக்கிறார். ஒரு பாறையில் செம்பு, இன்னொன்றில் தகரம். இரண்டையும் வெட்டி உலையில் போட்டால் வெண்கலக் கட்டி. அதைப் பட்டறைக் கல்லில் தட்டினால் ஒரு சிறு கத்தி. இதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் பெரிய நாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கும் ஊருக்குத் தெற்கே சதுப்பு நிலத்தில் அதே செம்பு, அதே தகரம். பையில் 28 பொருள்தான் கொள்ளும். நிரம்பினால் சுமந்துகொண்டு நடக்க வேண்டும்.

வெட்ட வெட்டத் தேர்ச்சி ஏறுகிறது. 15-ஆம் நிலையில் இரும்பு, 30-ல் நிலக்கரி, 40-ல்தான் தங்கம். அதற்கு முன்னால் தங்கப் பாறையைத் தொட்டால், உனக்கு 40-ஆம் நிலை வேண்டும் என்று எழுதிக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறது. மொத்தம் 99 நிலை. அதில் 92-ஐத் தொடும்போதுதான் பாதி உழைப்பு முடிந்திருக்குமாம். மேலே போகப் போக ஒவ்வொரு படிக்கும் அவ்வளவு வேலை. இந்தக் கணக்கையெல்லாம் முதல் நாளே பார்த்துக்கொள்ளலாம், ஒளித்து வைப்பது கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பாறையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு வழி காட்டும். ஒன்று, வெட்டு. மற்றது, சோதித்துப் பார். சோதித்தால் சில நொடியில் இதில் இன்ன தாது இருக்கிறது என்று சொல்லிவிடும். காசு கேட்காது, பொய்யும் சொல்லாது. பேரன் புதுப் பாறை எதையும் சோதிக்காமல் வெட்டுவதில்லை.

அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. இந்த மண்ணில் அப்படிச் சோதித்துப் பார்த்து உண்மை சொன்னவர் பேச்சு எடுபட்டதே இல்லை.

இளைய தலைமுறைக்குத் தெரியாது, நம்மில் பலருக்கும் பாதிதான் தெரியும், ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நெல்லியாளம், பந்தலூர், தேவாலா எல்லாம் அந்தக் காலத்தில் தென்கிழக்கு வயநாடு. 1877-ல்தான் மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். பணியரும் குறும்பரும் ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொடித் தங்கம் எடுத்து வந்தது அதற்கெல்லாம் மிகவும் முந்தியது. அவர்களுக்கு அது ஒரு நாள் கூலிக்குச் சமம், சில நாள் அதுவும் இல்லை. 1830-களிலேயே கம்பெனி அரசாங்கம் ஆள் அனுப்பி ஆராய்ந்தது. பெரிதாக ஒன்றும் தேறாது என்று அந்தப் பேச்சு அப்போதே அடங்கியது.

பிறகு 1874-ல் ஆல்ஃபா கம்பெனி என்று ஒன்று தோண்ட ஆரம்பித்தது. 1875-ல் புவியியல் துறையின் வில்லியம் கிங் வந்து பார்த்து நிதானமாக ஓர் அறிக்கை கொடுத்தார். நிதானமாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தில் சுரங்கத் துறையை நடத்திய பிரஃப் ஸ்மித் என்பவரை 1879-ல் இந்திய அரசு வரவழைத்தது. 1880-ல் வந்த அவருடைய அறிக்கை நம்பிக்கை பொங்க இருந்தது. லண்டன் பங்குச் சந்தைக்கு அது போதும். ஒன்றிரண்டு வருடத்துக்குள் இந்தியத் தங்கத்தின் பெயரால் நாற்பதுக்கு மேல் கம்பெனிகள், காகிதத்தில் சுமார் 50 லட்சம் பவுண்டு மூலதனம். அதில் பெரும்பகுதி நம் வயநாட்டை நம்பி.

இங்கே என்ன நடந்தது என்று கவனியுங்கள். அந்தச் சமயம் இந்தப் பகுதியில் காப்பித் தோட்டங்கள் துளைப்பானாலும் இலை நோயாலும் நொந்து கிடந்தன. விற்க ஆள் கிடைக்காத தோட்டங்களுக்குக் கீழே தங்கம் இருப்பதாகச் சொன்னவுடன் வானத்து விலை வந்தது. லண்டனில் திரட்டிய பணத்தில் பெரும்பங்கு நிலம் வாங்குவதிலேயே கரைந்தது. தோண்டுவதற்கு மிஞ்சியது கொஞ்சம். அதையும் பங்களாவுக்கும், கல்லைச் சோதித்து முடிக்கும் முன்பே கல் உடைக்கும் எந்திரம் கொண்டுவருவதற்கும் செலவழித்தார்கள். அரைத்துப் பார்த்தால் தங்கம் இருந்தது, ஆனால் கல்லில் பரவலாக, மிகச் சொற்பமாக, ஓர் இடத்தில் இருந்தால் அடுத்த இடத்தில் இல்லாமல். செலவுக்குக் கட்டவில்லை. 1883-க்குள் பெரும்பாலான கம்பெனிகள் கவிழ்ந்தன. நிலம் விற்றவர் பிழைத்தார், பங்கைச் சீக்கிரம் கைமாற்றியவர் பிழைத்தார். கடைசியில் வாங்கியவர் மாட்டிக்கொண்டார். குகை போன்ற வாய்களும் துருப்பிடித்த இரும்பும் நமக்கு மிச்சம். மேலே தேயிலை வளர்ந்தது.

பேரன் விளையாட்டிலும் இதே மாதிரி ஆட்கள் உண்டு. "உன் கவசத்துக்கு ஓசியிலேயே தங்கக் கரை போட்டுத் தருகிறேன், கழற்றிக் கொடு" என்பான் ஒருவன். கொடுத்தால் ஆளைக் காணோம். "என்னோடு வா, நல்ல பாறை காட்டுகிறேன்" என்று காட்டுக்குள் கூட்டிப்போய் அடித்துப் பிடுங்குவான் இன்னொருவன். பேரன் முதல் மாதமே ஒருவனிடம் ஏமாந்தானாம். "அதுக்கப்புறம் யாரு கூப்பிட்டாலும் போறதில்ல தாத்தா" என்றான். அவன் இழந்தது படத்தில் இருந்த ஒரு தொப்பி. லண்டன்காரர்கள் சேமிப்பை இழந்தார்கள்.

டீக்கடை நண்பர் இந்த இடத்தில் கோலாரை இழுப்பார். அதையும் பார்த்துவிடுவோம். கோலாரிலும் அதே 1880-ல் கம்பெனி தொடங்கியது, 1883-ல் மூடிவிடும் நிலைக்கு வந்தது, கடைசி முயற்சியாகத் தோண்டியபோது சாம்பியன் படுகை கிடைத்தது. அப்புறம் 120 வருடத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம். ஆகவே நாமும் விடாமல் தோண்டியிருந்தால் என்பது அவருடைய வாதம்.

கோலாரில் கிடைத்தது தடித்த, தொடர்ச்சியான படுகை, மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் வரை போனது. தேவாலாக் கல் அப்படிப்பட்டதல்ல. சுதந்திரத்துக்குப் பிறகும் அரசுப் புவியியலாளர்கள் இங்கே வந்து சோதித்திருக்கிறார்கள். இன்றுவரை ஒரு சுரங்கமும் திறக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோலாரில் அந்தத் தங்கத்தை எடுத்தவர்கள் பெரும்பாலும் வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து போன நம் தமிழ் ஜனங்கள், அதிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நூறு வருடம் பாறை வெடித்தும் தூசி தின்றும் அவர்கள் எடுத்த தங்கத்தில் அவர்கள் வீட்டில் எவ்வளவு தங்கியது? 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பேரனின் விளையாட்டு பிறந்தது அதே வருடம் ஜனவரியில். நிஜச் சுரங்கக்காரர்கள் இன்றும் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்குக் கூலிக்குப் போய் வருகிறார்கள்.

சரி, கோலாரை விடுவோம். நம் தேவாலாவுக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். பழைய சுரங்க வாய்களிலும், தோட்ட ஓரங்களிலும், காட்டிலும் ஆட்கள் இன்றும் இறங்குகிறார்கள். கடப்பாரை, சம்மட்டி, உளி, தலையில் ஒரு டார்ச். முட்டுக் கொடுக்க மரம் இல்லை, உள்ளே காற்றும் இல்லை. நம் ஊர் மழைக்கு ரோட்டோரக் கரையே சரிகிறது, தோண்டிய குழி நிற்குமா? எடுத்த கல்லைப் பொடித்துப் பாதரசத்தில் கலந்து, அந்த உருண்டையைத் தீயில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி நுரையீரலிலும் நரம்பிலும் ஏறும். கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகும். அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழே இருக்கிறவர்களுக்கு. சட்டப்படி இது குற்றம். ஆகவே குழி சரிந்தாலும் உடனிருப்பவன் கத்தி ஆள் கூப்பிடப் பயப்படுகிறான்.

ஏன் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நம்மில் பாதிப் பேர் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். கொழுந்துக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைத்து, படித்த பிள்ளைக்கு இங்கே வேலை இல்லை. 1969-ல் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தும் இன்னும் பட்டா கிடைக்காத வீட்டில் எத்தனையோ பேர் இருக்கிறோம். காலுக்குக் கீழே தங்கம் இருக்கிறது என்று பெரியவர்கள் தினமும் சொன்னால், இருபது வயதில் கை சும்மா இருக்குமா?

என் குற்றத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு முன், என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு இனிப்போடு வந்தான். "சார், வேலை கிடைச்சிருக்கு."

"என்ன வேலை?"

"கல்லு வேலை சார்."

எனக்குப் புரிந்தது. அவன் சட்டையில் செம்மண், விரல் இடுக்கில் வெள்ளைத் தூள். அம்மாவுக்கு மருந்து வாங்கினேன், தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டினேன் என்று சந்தோஷமாகச் சொன்னான். நான் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, "ஜாக்கிரதையா இரு" என்று மட்டும் சொன்னேன். 1880 கதை எனக்கு அன்றும் தெரியும். சுரங்கம் பற்றி வகுப்பில் கோலாரைப் பாடமாக நடத்தியவன் நான். தேவாலாவைப் பற்றி ஒரு பீரியடு எடுத்ததில்லை. அது புத்தகத்தில் இல்லை.

ஆடி மாத மழையில் குழி சரிந்தது. இடுப்பு வரை மண். கூட இருந்தவர்கள் கையாலேயே தோண்டி வெளியே இழுத்தார்கள். மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தப்பினான், ஒரு கால் நிரந்தரமாகக் கோணிவிட்டது. இப்போது போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். கொஞ்ச நாள் முன்பு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க தடுத்திருந்தா போயிருக்க மாட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன் சார். போயிருப்பேன். ஆனா தெரிஞ்சு போயிருப்பேன்" என்றான்.

அந்தப் பையனுக்கு அன்று என்ன தெரியாது? ஒரு மூட்டைக் கல்லில் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாது. வாங்குகிறவன் எவ்வளவு பிடித்துக்கொள்கிறான் என்று தெரியாது. பாதரசம் என்ன செய்யும் என்று தெரியாது. தன் குழிக்கு நூற்றுச் சொச்சம் வருடம் முன்னாலேயே ஐம்பது லட்சம் பவுண்டு பேசிய கம்பெனிகள் அதே கல்லில் தோற்றுப் போனது தெரியாது. படத்தில் இருக்கும் பாறை என் பேரனுக்குச் சொல்கிற அளவு உண்மைகூட நாம் அவனுக்குச் சொல்லவில்லை.

விளையாட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதில் குறை நிறைய. கண் கெடும், நேரம் போகும், மேற்கொண்டு விளையாட மாதச் சந்தா கேட்கிறது. சீக்கிரம் நிலை ஏற வேண்டும் என்று பேரன் வெட்டிய இரும்பையெல்லாம் அங்கேயே கீழே கொட்டிவிட்டு அடுத்ததை வெட்டுகிறான். பார்க்கவே வயிறு எரிந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய பொய், வெட்டிய பாறையில் சில நொடியில் தாது மறுபடி வந்துவிடுகிறது. "நிஜத்துல அது வராதுடா. குழிதான் மிஞ்சும்" என்று சொன்னேன். தினம் ஒரு மணி நேரம்தான் என்று எல்லையும் போட்டிருக்கிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. சில வருடங்களுக்கு முன் வெனிசுவேலா நாட்டில் பணம் செல்லாக் காசானபோது, இதே விளையாட்டில் பகலிரவாகச் சம்பாதித்த பொய்த் தங்கத்தை வெளியே டாலருக்கு விற்று வீட்டுக்கு அரிசி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டின் விதிப்படி அது தப்பு, பிடித்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள். இருந்தும் செய்தார்கள். வேறு வேலை இல்லாதபோது மனிதன் எந்தச் சுரங்கத்திலும் இறங்குவான். ஆகவே தேவாலாவில் இறங்குகிறவனைத் திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. என் சண்டை மேலே உட்கார்ந்து கதை சொல்கிறவர்களோடு.

நான் கேட்பது இவ்வளவுதான். திறந்து கிடக்கும் பழைய சுரங்க வாய்களும் குழிகளும் எங்கெங்கே என்று கணக்கெடுத்து அடைக்க வேண்டும், அடைக்க முடியாததற்கு வேலி போட வேண்டும். மாடு விழுந்தால் ஊர் கூடுகிறது, ஆள் விழுந்தால் பேச்சே எழுவதில்லை. நம் பள்ளிகளில் 1880-ன் கதையை ஒரு நாளாவது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், பஸ் சார்ஜும் வேண்டாம். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறதென்று கட்டித் தங்கம் வாங்குகிற பெரிய மனிதர்கள் அதை நிறுத்த வேண்டும். அவர்கள் வாங்குவதால்தான் இவன் இறங்குகிறான். கடைசியாக, டீக்கடை பெஞ்சில் ஒரே மழையில் வீடு கட்டியவன் கதை சொல்லும் நண்பர்கள், கால் கோணியவன் கதையையும் கூடவே சொல்ல வேண்டும்.

நேற்று அதே பெஞ்சில் இதையெல்லாம் சொன்னேன். நண்பருக்குக் கோபம். "ஒரு விளையாட்டைப் பாத்துட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கிறீங்களா?" என்றார். ஆமாம் அண்ணே என்றேன். பக்கத்து பெஞ்சுப் பையன்களில் ஒருவன் மட்டும் எழுந்து வந்து, "சார், அந்த லண்டன் கம்பெனி கதை நெஜமா?" என்று கேட்டான்.

உட்காரச் சொல்லி, இன்னொரு டீ சொன்னேன்.